யார்க் நகரமும் மூணு ஓட்டையும்

ஆன்சைட் போன மகராசனுங்க எல்லாம் லண்டன் டவர் பிரிட்ஜ் முன்னாடி நின்னு போட்டோ எடுத்து அனுப்புவாங்க. நமக்கு வாய்ச்சது லீட்ஸ். வாரம் பூரா ஆணி. ஒரு சனிக்கிழமை, குளிரைப் பாத்துட்டே இருந்தா வேலைக்காகாதுன்னு ரயில் ஏறிட்டேன். அரை மணி நேரத்துல யார்க்.

ரோமானியர்கள் கி.பி. 71ல் கோட்டை கட்டின ஊர். கான்ஸ்டன்டைன் 306ல் இங்கேதான் பேரரசரா அறிவிக்கப்பட்டார். யார்க் மின்ஸ்டர்ங்கற பிரம்மாண்டமான தேவாலயத்துக்கு வெளியே சிலையா சாஞ்சு உக்காந்திருக்கார். உள்ளே போக டிக்கெட். மனசுக்குள்ளே ரூபாயில பெருக்கிப் பாத்து நெஞ்சு வலி வந்தாலும் வாங்கினேன் :)

உள்ளே ஊர் சுத்திக் காட்டற ஒரு பெரியவர். வயசு எழுபதுக்கு மேலே இருக்கும். கிழக்குப் பக்கம் டென்னிஸ் கோர்ட் அளவுக்கு ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஜான் தார்ன்டன்னு ஒருத்தர் 1405லிருந்து 1408க்குள்ளே முடிச்சது. உலகம் உண்டானதிலிருந்து அழியற வரைக்கும் அதுல படமா இருக்கு. 311 பேனல்களையும் கழட்டிச் சரி பண்ணி 2018ல் முடிச்சாங்களாம். மனுஷன் தன் வீட்டு ஜன்னல் மாதிரி சொல்லிக்கிட்டே போனார்.

கடைசியில "உங்க ஊர் எது?"ன்னு கேட்டார்.

"பவானி. உங்க ஊர்ல ஊஸும் ஃபாஸும் சேர்ற மாதிரி எங்க ஊர்லயும் ரெண்டு ஆறு சேருது. பெரிய கோயில் இருக்கு."

"அப்படியா! எத்தனை பழசு? என்ன விசேஷம்?"

"ரொம்பப் பழசு."

அவ்வளவுதான் வந்துச்சு. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். நான் பேச்சை மாத்தி, கோபுரத்துக்கு எத்தனை படின்னு கேட்டேன். 275. ஏறும்போது மூச்சு வாங்கினதை விட அந்த "ரொம்பப் பழசு"தான் உறுத்திச்சு. கோயிலுக்கு நாலு தெரு தள்ளிப் பொறந்தவன் நான்.

லீவுல ஊருக்கு வந்ததும் "ஏனுங்கப்பா, கோயிலுக்குப் போய்ட்டு வரலாமுங்களா?"ன்னேன். அப்பா ஒரு மாதிரி பாத்தார். "பரிச்சை ஏதாச்சு எழுதறயா கண்ணு?"

கூடுதுறையில இருந்து ஆரம்பிச்சார். காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுதநதின்னு மூணு. அப்பத்தாவோட அஸ்தியை நான் கரைச்ச அதே படி. ஆடிப்பதினெட்டுக்கு நான் வேடிக்கை பாத்த அதே படி. சங்கமேஸ்வரர் கோயிலுக்குத் தேவாரத்துல திருநணான்னு பேர், சம்பந்தர் பாடினதுன்னார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. அந்தக் கண்ணாடி ஜன்னலை விட ஏழு நூறு வருஷம் மூத்த பாட்டு! அதே வளாகத்துலயே ஆதிகேசவப் பெருமாளும் இருக்கார். சின்னப் பையனா இருந்தப்ப அந்தப் பக்கம் புளியோதரைக்கு மட்டும் போவேன்.

அப்புறம் அம்மன் சன்னிதிக்கு எதிரே மதில் சுவர்ல மூணு ஓட்டையைக் காட்டினார். வில்லியம் கேரோன்னு அன்னைக்குக் கோயமுத்தூர் கலெக்டர். ஒரு ராத்திரி மழையில சின்னப் பொண்ணு ஒண்ணு அவர் கையைப் பிடிச்சு பங்களாவுக்கு வெளியே கூட்டியாந்துச்சாம். உடனே கூரை இடிஞ்சு விழுந்துச்சாம். அந்தப் பொண்ணு வேதநாயகி அம்மன்தான்னு நம்பினவர், உள்ளே வர முடியாததால இந்த ஓட்டை வழியாக் கும்பிட்டாராம். கதை நெசமோ பொய்யோ, 1804ல் அவர் அம்மனுக்குக் குடுத்த தந்தக் கட்டில் நெசம். அதுல அவர் கையெழுத்தும் இருக்கு.

ஓட்டையில கண்ணை வச்சுப் பாத்தேன். வழக்கமா நிக்கற இடம்தான். புதுசாத் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்தோம். அப்பா முழங்காலைத் தடவிக்கிட்டே சொன்னார்: "கோயிலைப் பத்தி இத்தனை கேட்டயே. தறியைப் பத்தி ஒரு நாளும் கேட்டதில்லையே சாமி."

கோபமாச் சொல்லலை. அதான் கஷ்டமா இருந்துச்சு. அப்பா முப்பது வருஷம் ஜமக்காளம் நெய்தவர். நான் பரிச்சைக்குப் படிச்சதே அந்தச் சத்தத்துலதான். வேலை கிடைச்சதும் "இனிமே எதுக்குங்கப்பா"ன்னு நான்தான் தறியைப் பிரிக்கச் சொன்னேன். தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாச்சு. இப்ப அங்கே வாஷிங் மெஷின் நிக்குது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதெல்லாம் நெட்ல படிச்சுத்தான் எனக்குத் தெரியும். வீட்டுல நெய்தவரைக் கேட்கலை.

"இப்பச் சொல்லுங்கப்பா"ன்னேன்.

எந்திரிச்சுப் போய் வாஷிங் மெஷினுக்கு முன்னாடி நின்னு, "கால் இங்கே வரும், பாவு அந்தச் சுவத்துப் பக்கம் போகும்"னு கையால காட்ட ஆரம்பிச்சார். சிவப்புக்குப் பக்கத்துல எந்தக் கலர் போட்டா எடுப்பாத் தெரியும்னு வந்து சேர்றப்ப மணி பதினொண்ணு. அம்மா ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுட்டாங்க.

இன்னும் முடியலை. நாளைக்கும் கேட்கணும்.