யோர்க் நகரத்து எலிகள்

இலண்டன் மாநகரிலிருந்து வடக்கு நோக்கிப் புகையிரதத்திற் புறப்படுவோர் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் யோர்க் நகரை அடையலாம். பழைய நகரைச் சூழ்ந்து நிற்கும் கல்மதிலும், 1220ஆம் ஆண்டளவிலே தொடங்கி 1472ஆம் ஆண்டிலே நிறைவெய்திய பேராலயமும், ஊஸ் ஆற்றின் அமைதியான ஓட்டமும் பயணியின் மனத்தைக் கவர்வன. ஆயினும், நான் அந்நகரிற் கழித்த ஒரு நாளை நினைக்குந்தோறும் முன்னே வந்து நிற்பது இவற்றுள் எதுவுமன்று, ஓர் எலி. அதுவும் உயிருள்ள எலியன்று. மண்ணுக்குட் கிடந்த எலியின் எலும்பு!

வாசகர் நகைக்கலாம். மன்னர்களையும் மாளிகைகளையும் விட்டு எலியிடமோ சரித்திரங் கேட்பது? சற்றே பொறுத்திருங்கள்.

கி.பி. 71ஆம் ஆண்டளவில் உரோமர் இவ்விடத்திற் படைக்கோட்டையொன்றை நிறுவி அதற்கு எபொராக்கம் எனப் பெயரிட்டனர். 306ஆம் ஆண்டிலே கொன்ஸ்தந்தீன் பேரரசனெனப் படையினரால் முழங்கப்பெற்றது இங்கேதான். உரோமப் படை 410ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவைக் கைவிட்டகன்றது. பின்னர் நெடுங்காலம் இந்நகரைப் பற்றி எழுத்துச் சான்றுகள் மிகச் சொற்பம். 866ஆம் ஆண்டிலே கடலோடிகளான வைக்கிங்குகள் நகரைக் கைப்பற்றினர்; அதன்பின் அது மீண்டும் பெரிய வணிகத்தலமாயிற்று. இடையிலே நகருக்கு நேர்ந்தது யாது? ஏடுகள் வாய்திறவாத அவ்வினாவுக்கு எலி விடை கூறுகின்றது.

நகரின் நடுவே கொப்பர்கேற் என்றொரு வீதி உண்டு. மரக்கிண்ணங் கடைவோர் தெரு என்பது அப்பெயரின் பொருள். 1976 முதல் 1981 வரை அங்கு நடைபெற்ற அகழ்வாராய்ச்சியில், ஈரமண்ணின் காப்பினால் வைக்கிங்குகளின் மரவீடுகளும் தோற்பொருள்களும் துணிகளும் உக்காமல் வெளிப்பட்டன. அவற்றைக் காட்டும் நிலத்தடிக் காட்சிச்சாலை 1984ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. இத்தகைய அகழ்விலே, தோண்டியெடுத்த மண்ணை நீர்விட்டு நுண்ணிய அரிதட்டிற் சலிப்பர். கையாற் பொறுக்கும்போது மாட்டெலும்பு அகப்படும். ஊசிமுனை போன்ற எலிப்பல் அகப்படாது. பிரித்தானியாவிற்குக் கறுப்பெலியைக் கொணர்ந்தவர் பிற்காலத்துச் சிலுவைப்போர் வீரரே என முன்னாளிற் பலர் நம்பியிருந்தனர். யோர்க்கிலுள்ள உரோமர் காலக் கிணறொன்றின் மண்ணில் அதன் எலும்புகள் கிடைத்தமை, 1979ஆம் ஆண்டிலே வெளிவந்த கட்டுரையொன்றினால் அறியப்பட்டபோது, அந்நம்பிக்கை தகர்ந்தது.

வியப்பு இனித்தான் தொடங்குகின்றது. உரோமர் கால மண்ணிலே கறுப்பெலி உண்டு. வைக்கிங்கு கால மண்ணிலும் உண்டு. இடைப்பட்ட 8ஆம் நூற்றாண்டின் மண்ணைச் சலித்துப் பார்த்தால் ஒன்றேனும் இல்லை! 1ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான எலியெலும்புகளின் மரபணுக்களை யோர்க் சர்வகலாசாலையினரும் பிறரும் ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் இதனை உறுதிப்படுத்துகின்றது. கறுப்பெலி ஐரோப்பாவிற் குடியேறியது ஒருமுறையன்று, இருமுறையாயினும் ஆம். உரோமப் பேரரசு விரிந்தபோது ஒருமுறை, மத்திய காலத்தில் நகரங்களும் வாணிகமும் மீண்டும் தழைத்தபோது மறுமுறை. இடையிலே, 6ஆம் நூற்றாண்டளவில், அதன் தொகை பெரிதும் அருகிவிட்டது.

காரணம் யாது? அக்குளிர்நாட்டில் கறுப்பெலி காட்டிலும் வயலிலும் தனித்து வாழ வல்லதன்று. அதற்கு மனிதனின் கூரை வேண்டும். நெருங்கிய வீடுகள் வேண்டும். நிறைந்த களஞ்சியம் வேண்டும். ஊருக்கூர் தானியஞ் சுமக்கும் ஓடங்கள் வேண்டும். பேரரசின் வாணிகம் குலைந்தது; களஞ்சியங்கள் வெறுமையாயின; எலியும் மறைந்தது. அக்காலத்துக் குளிரும் 541ஆம் ஆண்டிலே தொடங்கிய கொள்ளைநோயும் இதற்குத் துணைசெய்திருக்கலாம் என்பர் ஆய்வாளர்.

இக்கறுப்பெலியின் பூர்வீகம் எங்கெனின், நமது அயலேதான். மேற்றிசையிற் பரவிய இனத்தின் தாயகம் இந்தியா என மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. செங்கடற்கரையிலே பெரெனிக்கே என்னும் பழைய துறைமுகத்தில், இந்தியச் சாடியொன்றுள் ஏழரைக் கிலோகிராம் மிளகு கிடைத்தது. குசேயர் அல்-கதீமிலே தமிழ்ப் பெயர்கள் பொறித்த மட்பாண்டத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. நம்மவர் பண்டங்களோடு கடல் கடந்த அந்நாளிலே, அழையா விருந்தினனாகிய எலியும் மனிதரின் வழிகளைப் பற்றிக்கொண்டு மேற்றிசை சென்றது.

மாலையில் ஊஸ் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது எனக்கு யாழ்ப்பாணத்து எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே அதனைப் பூட்டிப் புறப்பட்டோம். சில மாதங்களின் பின் திரும்பியபோது கொம்பறை வெறுமையாய்க் கிடந்தது. அன்றிரவு அப்பாச்சி நெடுநேரம் செவிசாய்த்திருந்துவிட்டு, “ஒரு எலிச் சத்தங்கூட இல்லையடா மோனே” என்றார். முன்னாளில் எலியைத் துரத்தத் தடியோடு திரிந்தவர் அவர்! அன்று அவர் துயருற்றது ஏனென்பது, பல்லாண்டுகளின் பின் யோர்க்கிலேதான் எனக்கு முற்றாக விளங்கியது. எலியில்லா நகரம் தூய்மையான நகரமாயிருக்கலாம். அன்றி, உண்பதற்கு ஒன்றுமில்லாத நகரமாயுமிருக்கலாம்.

அடுத்த ஆண்டின் அறுவடை கொம்பறைக்கு வந்தது. சில நாளில் எலியும் வந்தது. அப்பாச்சி முகமலர்ச்சியோடு எலிப்பொறியைத் தேடியெடுத்தார்.