புயல் போன பக்கம்

புயல் விலகிவிட்டது என்று வானொலி சொன்ன மறுநாள் மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் எழும் பேச்சுத்தான், பிள்ளைகளே, எனக்குக் கவலை. இரவிரவாகச் செபமாலை சொன்ன வாய்கள் விடிந்ததும் வானிலைக்காரரைத் திட்டத் தொடங்கிவிடும். "சும்மா பயங்காட்டிப் போட்டாங்கள், தொழிலும் போச்சு."

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோதும் இதைத்தான் கேட்டேன். கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்தோம். எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தோம், கரைவலையை வாடிக்குள் ஏற்றினோம், அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பொலித்தீன் பையில் சுற்றினோம். கஜா இங்கே வரவில்லை. 16ஆம் திகதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது.

அந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது எவ்வளவு பெரியதென்று 1964 டிசம்பரைப் பார்த்த தலைமுறைக்குத் தெரியும். அந்தப் புயல் வவுனியாப் பக்கமாக இலங்கையைக் கடந்து, மன்னாரை அடித்து, 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை இல்லாமல் ஆக்கியது. பாம்பனில் இருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர் அளவுதான். தனுஷ்கோடியில் இருந்து வந்துபோன கப்பல் பிறகு இராமேஸ்வரத்தில் இருந்துதான் ஓடியது. அன்று கையில் போன் இல்லை. வானத்தைப் பார்த்துத்தான் எல்லாம்.

இப்போது முன்கூட்டியே சொல்கிறார்கள். சொன்ன இடத்தில் அடிக்கவில்லை என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? புயல் தானாக வழி பிடித்துப் போவதில்லை. உயரத்தில் வீசும் காற்றே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. மேலே காற்று கொஞ்சம் திசை மாறினால் கீழே கரையேறும் இடம் எவ்வளவோ தள்ளிப்போகும். ஆகவேதான் ஒரு ஊருக்கு மட்டுமின்றி நீண்ட கரைக்கே எச்சரிக்கை கொடுக்கிறார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஏறி, வடக்கைக் கடந்து, நம்முடைய மன்னார் வளைகுடாவுக்குள் வந்து நின்றது. இராமநாதபுரக் கரையில் ஏறும் என்று காத்திருந்தார்கள். அது ஏறவில்லை, கடலிலேயே வலுவிழந்தது. ஆனால் அதன் மழையில் தூரத்துச் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் வெள்ளம் நின்றது. வலுவிழந்தது என்ற செய்தியைக் கேட்டவுடன் வள்ளத்தைத் தள்ளுகிற தம்பிமார் இதை மனதில் வைக்க வேண்டும். காற்று அடங்கினாலும் கடல் அடங்க நேரம் எடுக்கும்.

கஜாவுக்கு மறுநாள் கேட்ட இன்னொரு பேச்சு அந்தத் திட்டைவிட நெஞ்சைச் சுட்டது. நாகப்பட்டினம் பக்கம் அடித்துப்போட்டது என்றதும், "அவங்களுக்கு வேணும், எங்கட வலையை அறுக்கிறவங்கதானே" என்றான் ஒரு பொடியன். அங்கிருந்து நம் கடலுக்கு வரும் இழுவைப்படகுக்காரர் மேல் நமக்குள்ள கோபம் நியாயமானது. அடிமடி இழுவையை 2017இல் நம் நாடு சட்டம் போட்டுத் தடுத்தது, அந்த றோலர்கள் அதன்பிறகும் நிற்கவில்லை. அதற்காகப் பேசுங்கள், போராடுங்கள், நானும் வருவேன். ஆனால் கஜா சாய்த்தது றோலர் முதலாளிகளை மட்டுமா? தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் லட்சக்கணக்கில் விழுந்தன. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்கள் கிடந்த தோட்டத்தில் அந்த விவசாயிகள் நின்றார்கள். அவர்கள் நம் வலையைத் தொட்டவர்களே அல்லர்.

அதுமட்டுமல்ல, நமக்கு அடைக்கலம் தந்ததும் அந்தக் கரைதான். 1990இல் சண்டைக்குப் பயந்து இந்தத் தீவில் இருந்து படகேறியவர்கள் இராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் சோறு கிடைத்தது. உங்கள் மாமிமார், சித்தப்பாமாரில் சிலர் அங்கே பள்ளிக்கூடம் போனவர்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

"ஆண்டவரே, இந்தப் புயல் எங்களை விட்டுப் போகட்டும்" என்று செபிக்கிறோம். நானும் அப்படித்தான் செபித்து வளர்ந்தேன். கஜாவுக்குப் பிறகு அந்த வார்த்தை எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. எங்களை விட்டால் அது எங்கே போகும்? இப்போது நான் கேட்பது, அது கடலிலேயே கரைந்து போகட்டும் என்றுதான். பிழைத்துவிட்டோம் என்று நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது, அது போய் ஏறிய ஊரின் பெயரையும் மன்றாட்டில் சொல்லச் சொல்லி பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

தொழில் போச்சு என்ற கவலையை நான் தள்ளிவிடவில்லை. கரையில் இருந்த நாட்களுக்குக் கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கரைவலை இழுக்கப் போகிறவருக்குப் பங்கு வந்தால்தான் அரிசி. அந்தக் கோபத்தை வானிலைக்காரர் மேல் கொட்டிப் பயனில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில், எச்சரிக்கை நாட்களுக்கென்றே ஒரு சேமிப்பு வைக்கலாம். நல்ல மீன்பாடுள்ள காலத்தில் ஒவ்வொரு பங்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதும். அரசிடம் நிவாரணம் கேட்கும்போதும் அடித்த புயலுக்கு மட்டுமல்ல, அடிக்காமல் போன புயலுக்காகக் கரையில் இருந்த நாட்களுக்கும் கேட்க வேண்டும். வாடைக்காற்றுக் காலம் தொடங்குவதற்கு முந்திய கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.