மூன்று கையெழுத்து

2025 ஜூன் 23-ம் தேதி சாயங்காலம் அத்தான் தோஹாவுக்குக் கிளம்பினார். மறுநாள் விடிகாலை பார்த்தால் மீனம்பாக்கத்திலேயே நிற்கிறார். நடுவில் அரபிக்கடல் வரை போய், ஒரு பொட்டலம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

கத்தாரில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசிய ராத்திரி அது. வீசுவதற்குச் சற்று முன்பே கத்தார் தன் வான்வெளியை மூடிவிட்டது. இதெல்லாம் அத்தானுக்குத் தெரியாமல் இல்லை. அவர் கோபமே வேறு. "மேலே ஏறினவன் போக வேண்டியதுதானே? யாரைக் கேட்டுத் திருப்பினான்?"

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. அத்தான் அக்காவைக் கேட்டார். அக்கா என்னைக் கேட்டாள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. நான் அதைக் கெடுக்க விரும்புவதில்லை.

எனக்கு ஒரு நண்பன். பி.காமில் கடைசி பெஞ்ச். காஸ்டிங் பேப்பரில் எனக்கு இரண்டு அரியர், அவனுக்கு மூன்று. இன்றைக்கு அவன் ஒரு விமானக் கம்பெனியில் டிஸ்பாட்சர். நாம் வீட்டில் பெட்டியை எடை பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் காற்று எப்படி, எரிபொருள் எவ்வளவு, இறங்க முடியாவிட்டால் வேறு எந்த ஊர், வழியில் எந்த நாடு என்ன 'நோட்டாம்' விட்டிருக்கிறது என்று பார்த்து ஃபிளைட் பிளான் போடுகிற வேலை. (நோட்டாம் என்றால் விமானிகளுக்கு விடும் அறிவிப்பு.) கேப்டன் அதைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் விமானம் நகரும்.

"யாரைக் கேட்டுடா திருப்பினாங்க?" என்றேன்.

"யாரையும் கேக்க வேணாம். அந்த நாடே மூடிடுச்சு இல்ல? மூடிட்டா எங்க வேலை சுலபம்டா. மூடாம இருக்கிறதுதான் கஷ்டம்."

இதைக் கேட்டதும் எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். வவுச்சரில் கீழே மூன்று கட்டம்: தயாரித்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர். நான் நடுக்கட்டம். தயாரிப்பவர் 20 வருஷ அனுபவஸ்தர், தப்பே பண்ண மாட்டார் என்று நான் கையெழுத்துப் போடுவேன். பையன் பார்த்திருக்கிறானே என்று மானேஜர் போடுவார். கீழே இரண்டு பேர் பார்க்கப் போகிறார்களே என்று அனுபவஸ்தரும் தைரியமாக இருந்திருக்கிறார்! ஒரே லாரி வாடகை பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது. மூன்று கையெழுத்து இருந்தது. ஆனால் அந்த பில்லை யாரும் பார்க்கவில்லை. ஆறு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். நடுக்கட்டம்தான் ஏமாந்த கட்டம்.

நண்பன் சொன்ன கதையில் போனது லாரி வாடகை இல்லை.

2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன எம்.எச்.17, கிழக்கு உக்ரைன் மேலே பறக்கிறது. கீழே சண்டை. மூன்று நாள் முன்பு, 14-ம் தேதி, அங்கே ஒரு ராணுவ சரக்கு விமானம் சுமார் ஆறரை கிலோமீட்டர் உயரத்தில் சுடப்பட்டிருந்தது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை அவ்வளவு உயரம் எட்டாது. அப்படியென்றால் கீழே பெரிசாக ஏதோ இருக்கிறது. அன்றைக்கே உக்ரைன், 32,000 அடிக்குக் கீழே வராதே என்று நோட்டாம் விட்டது. ஏன் என்று உருப்படியான காரணம் அதில் இல்லை.

எம்.எச்.17 பறந்த உயரம் 33,000 அடி. கோட்டுக்கு ஆயிரம் அடி மேலே. சட்டப்படி சரி. கீழே இருந்து வந்த 'பக்' ஏவுகணைக்கு அந்தக் கோடு தெரியாது. 298 பேர்.

சுட்டவர்கள் கதை வேறு. ஹேக் கோர்ட்டு 2022-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒருவரும் கோர்ட்டுக்கு வரவில்லை. நான் சொல்ல வந்தது அதுக்கு முந்தைய கேள்வி. அந்த விமானம் அங்கே ஏன் பறந்தது?

டச்சுப் பாதுகாப்பு வாரியம் 2015 அக்டோபரில் அறிக்கை விட்டது. மூடுவதற்குப் போதுமான காரணம் உக்ரைனிடம் இருந்தது, மூடவில்லை. திறந்திருக்கிறது, அதனால் ஆபத்தில்லை என்று கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்த ஒரு கம்பெனி மட்டும் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். வான்வெளியை மூடும்வரை அன்றைக்கு மட்டும் அந்த வழியில் 160 விமானங்கள். சம்பவ நேரத்தில் பக்கத்திலேயே டில்லியிலிருந்து பர்மிங்ஹாம் போன ஏர் இந்தியா விமானமும் இருந்தது. எல்லாரும் போகிறார்களே என்று எல்லாரும் போயிருக்கிறார்கள்.

நாடு, கம்பெனி, கேப்டன். மூன்று கட்டம்!

வான்வெளியை மூடும் உரிமை அந்தந்த நாட்டுக்கு. 1944 சிகாகோ ஒப்பந்தமே அதைச் சொல்கிறது. ஆனால் சண்டையில் இருக்கிற நாடு "என் வீட்டு மாடி பத்திரமில்லை" என்று தானே போர்டு மாட்டுமா? அதனால்தான் கம்பெனி தானாகவும் விசாரித்து, அபாயத்தை எடை போட்டு, முடிவெடுக்க வேண்டும் என்று சர்வதேச அமைப்பு கையேடெல்லாம் போட்டது. கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விமானத்தில் கடைசி அதிகாரம் அவருக்குத்தான், சரி. ஆனால் கையில் கொடுத்த காகிதத்தில் இல்லாததை 33,000 அடியில் அவர் எங்கே போய்த் தேடுவார்?

கையேடு வந்த பிறகும், 2020 ஜனவரி 8 விடிகாலை, இராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்கள் மேல் ஏவுகணை விட்ட ஈரான் தன் வான்வெளியை மூடவில்லை. அமெரிக்கா தன் விமானங்களை அந்தப் பக்கம் போகாதே என்று தடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. டெஹ்ரானிலிருந்து மற்ற விமானங்கள் கிளம்பின. உக்ரைன் விமானமும் கிளம்பியது. ஈரானின் சொந்த ஏவுகணையே அதை வீழ்த்தியது. 176 பேர்.

"நீ என்ன பண்ணுவே?" என்றேன்.

"சந்தேகம் வந்தா சுத்திப் போடுவேன். டீசல் கணக்குப் பாக்கிறவர் மறுநாள் கூப்பிட்டுத் திட்டுவார். சுத்திப் போனதால ஒண்ணும் ஆகலேன்னு எப்படிடா நிரூபிக்கிறது? ஒண்ணும் ஆகலேன்னா நான் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்." (விமானத்துக்கு டீசல் போடுவதில்லை. கடைசி பெஞ்ச் பாஷை அது.)

அத்தானிடம் இதையெல்லாம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒருநாள் சம்பளம் போனதற்கு நஷ்டஈடு கேட்டு ஒரு லெட்டர் எழுதி எடுத்துவந்து நீட்டினார்.

"அக்கா படிச்சுப் பாத்துட்டா. நீ சும்மா ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிடு மாப்ளே."

சும்மா பார்க்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். பயணத் தேதி ஜூன் 13 என்று இருந்தது.