பிழைப்பைத் தீர்மானித்த கற்கள்

ஐஸ்லாந்து நாட்டின் மேற்குக் கோடியில் ஸ்நைஃபெல்ஸ்னெஸ் என்னும் தீபகற்பம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் முனையில் 1446 மீட்டர் உயரமுள்ள பனிமலை ஒன்று நிற்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளுக்கிடையே இறங்கிச் செல்லும் நடைபாதை, ட்யூப்பாலோன்சாந்தூர் என்ற கடற்கரையை அடைகிறது. அலைகள் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கருங்கூழாங்கற்களே அங்கு எங்கும்.

அந்தக் கரையில் நான்கு உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. ஆனால் ஒருவனுக்கு மீன்பிடி படகில் இடம் உண்டா, இல்லையா என்பதை ஒரு காலத்தில் இவையே தீர்மானித்தன.

கற்களுக்குப் பெயர்களும் உண்டு. 154 கிலோ எடையுள்ளது 'ஃபுல்ஸ்டெர்க்கர்', அதாவது முழுபலசாலி. 100 கிலோ கல் அரைபலசாலி. 54 கிலோ கல்லின் பெயர் 'ஹால்ஃப்டிரைட்டிங்கர்'. அரைப்பங்கு பெறுபவன் என்பது அதன் பொருள். கடைசியாக 23 கிலோ கல். அதன் பெயர் 'அம்லோதி', உதவாக்கரை! வேலை கேட்டு வந்தவன், குறைந்தது 54 கிலோ கல்லையாவது இடுப்பளவு உயரமுள்ள பாறைத்திட்டில் தூக்கி வைக்க வேண்டும் என்பது வழக்கம்.

முழுபலசாலியின் எடை, நம்மூர் 75 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டுக்கு ஏறத்தாழச் சமம். மூட்டைக்காவது பிடித்துத் தூக்கக் காதுகள் உண்டு. கடல்நீரில் தேய்ந்த கல்லில் கைக்கு என்ன பிடி கிடைக்கும்?

கொடிய தேர்வு என்றே முதலில் தோன்றும். அருகிலுள்ள ட்ரிட்விக் விரிகுடாவைப் பார்த்தால் காரணம் விளங்கும். 16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது பெரிய மீன்பிடித் தளம். 60 படகுகள் வரை அங்கிருந்து கடலுக்குச் சென்றன. எல்லாம் மேற்கூரையற்ற துடுப்புப் படகுகள். திரும்பி வந்ததும் படகைக் கைகளாலேயே கரைக்கு இழுத்தேற்ற வேண்டும். துடுப்புப் பிடிக்கும் ஒருவன் தளர்ந்தால் ஆபத்து அனைவருக்குமே. ஆகவே தேர்வு நியாயமானதுதான்; அந்த ஏளனப் பெயரைத்தான் ஏற்க மனம் வரவில்லை.

அக்கடலின் சீற்றத்துக்குச் சான்றாகக் கரையெங்கும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1948 மார்ச்சில் 'எபைன்' என்ற ஆங்கிலேய மீன்பிடிக் கப்பல் இங்கே உடைந்தது. 14 பேர் மாண்டனர். 5 பேர் மீட்கப்பட்டனர்.

ட்ரிட்விக்கில் இப்போது படகுகள் இல்லை. இப்பகுதி 2001 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. நினைவுக்கென்று ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரலாகாது. அந்த நான்கு கற்களை மட்டும் விரும்பியவர் தூக்கிப் பார்க்கலாம். உதவாக்கரையிலிருந்து தொடங்குவது முதுகுக்கு நல்லது.