பெயர் பொறித்த பாறைகள்

அறேபியாவின் வடமேற்கே, மதீனா நகரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவில், அல் உலா என்னும் பாலைப் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் இருமருங்கும் நிற்கும் மணற்கற் பாறைகள் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் பழைமையான படிவுகள். பண்டைக்கால நீரோட்டமும், பின்னர் காற்றும் அவற்றைத் தூண்களாகவும் வளைவுகளாகவும் அரித்துள்ளன. ஜபல் அல் ஃபீல் எனப்படும் யானைப் பாறை 52 மீற்றர் உயரமானது. குருநாகலிலும் ஒரு யானைப் பாறை உண்டு. ஆயின் அது படுத்திருப்பது. இதுவோ துதிக்கையை மணலில் ஊன்றி நிற்கின்றது. மாலை வெயிலில் அதன் நிறம் மஞ்சளிலிருந்து செம்மைக்கு மாறுவதைக் காண ஒரு மணிநேரம் பேசாதிருந்தேன்.

1984 முதல் 1989 வரை றியாத்திலே படவரைஞனாகப் பணியாற்றியவன் நான். அவ்வைந்தாண்டுகளிலும் இப்பாறைகளைக் கண்டதில்லை. கடவுச்சீட்டு தொழில் வழங்குநரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. கையிலிருந்த இகாமா என்னும் வதிவிட அட்டையுடன் வேறு நகருக்குச் செல்வதாயின் அவரது கடிதமும் வேண்டும். பாறை பார்க்கக் கடிதம் கேட்பவனைப் பித்தனென்றே அக்காலத்தில் எண்ணியிருப்பர். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்நாடு பரவலாகக் கதவு திறந்தது 2019 இலேதான். அன்று தொழிலாளியாகக் காண இயலாததை இன்று பயணியாகக் கண்டேன்.

பள்ளத்தாக்கின் வடக்கே ஹெக்றா. பெற்றா நகரைக் குடைந்த நபத்தேயரே இங்கும் 111 பெருங்கல்லறைகளைப் பாறையிற் குடைந்துள்ளனர், 94 அலங்காரமுடையவை. 2008 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சவூதி அறேபியாவிலிருந்து முதலிற் சேர்ந்தது இவ்விடமே. தனித்து நிற்கும் கஸ்ர் அல் ஃபரீத் முற்றுப்பெறாதது. மேற்பகுதி வழுவழுப்பாகவும் அடிப்பகுதி கரடுமுரடாகவும் இருப்பதால், உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினரென்பது தெளிவாகின்றது.

என்னை நெடுநேரம் நிறுத்தியவை வாயில்களின் மேலுள்ள கல்வெட்டுக்களே. நம்மூர் நொத்தாரிசு எழுதும் காணி உறுதியை ஒத்தவை அவை: கல்லறை எவருடையது, எவரெவரை அங்கே அடக்கலாம், மீறி விற்பவன் செலுத்தவேண்டிய தண்டம் எவ்வளவு என்றெல்லாம் கூறி ஆண்டும் இடுவர். அவற்றுட் சிலவற்றின் இறுதியில் செதுக்கிய கற்றச்சனின் பெயரும் காணப்படுகின்றது. அஃப்தஹ் என்பது அவற்றுள் ஒன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உளி பிடித்த ஒருவனின் பெயரை வழிகாட்டி வாய்விட்டு வாசித்தார்.

மறுநாள் விமானத்தில் றியாத் சென்றேன். 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் சனத்தொகை ஏறத்தாழ 70 இலட்சம். நான் வாழ்ந்த காலத்தில் இல்லாத 302 மீற்றர்க் கோபுரம் 2002 முதல் ஒலையா வீதியில் நிற்கின்றது. 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெற்றோ இரயிலுக்கு 176 கிலோமீற்றர்ப் பாதையும் 85 நிலையங்களும் உள்ளன, சாரதி இல்லை. 2018 முதல் பெண்கள் வாகனம் ஓட்டுகின்றனர். பழைய நகரம் போயிற்றே என ஏங்குதல் எனக்கு உடன்பாடன்று. அப்பழைமையில் ஏங்குதற்குரியவை மிகச் சிலவே.

எனினும் ஒன்றைத் தேடினேன். நான் வரைந்த மூன்று மாடிக் குடியிருப்பொன்று நின்ற இடத்தில் இப்போது வாகனத் தரிப்பிடம் இருக்கின்றது. அதற்குச் சுவரெழுப்பியோருள் இருவர் வவுனியாவைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கோடைவெயிலில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். சம்பளப் பட்டியலில் அவர் ஓர் இலக்கமாக இருந்தார். அடுத்த மாதம் அவ்விலக்கம் வேறொருவருக்கு வழங்கப்பட்டது. வரைபடத்தின் மூலையில் வரைந்தவன் என்ற முறையில் என் பெயர் மட்டும் சிறிய எழுத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தா பகுதிக்குப் போனேன். ஊருக்குச் செல்வோரிடம் கடிதமும், குரல் பதித்த ஒலிநாடாவும் கொடுத்தனுப்ப நாங்கள் கூடிய தெருக்கள் அவை. இப்போது ஒலிநாடா இல்லை, கூட்டம் குறையவில்லை. தேநீர்க் கடையில் அருகிருந்த மூதூர் இளைஞன் சுவர் பூசும் தொழிலாளி. வந்து மூன்றாண்டு ஆகின்றது என்றான். என் கைபேசியிலிருந்த யானைப் பாறைப் படத்தை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

“இது இந்த நாட்டிலயா இருக்கு, ஐயா?” என்று வினவினான்.

ஆம் என்றேன். போய்வர எவ்வளவு செலவாகுமெனக் கேட்டான், சொன்னேன். பிற்பகல் மேலதிக வேலை இருப்பதாகக் கூறி, என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து சென்றான்.