எந்தக் கோவில்?

மொட்டைத் தலையோடு நம்ம ஊரில் தெருவில் இறங்கினால் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "எந்தக் கோவில்?" இன்னொன்றை யாரும் நேராகக் கேட்பதில்லை. முதலில் மீசையைப் பார்ப்பார்கள். மீசை இருந்தால் கோவில். மீசையும் சேர்ந்து போயிருந்தால் குரலை இறக்கி, "வீட்ல யாராச்சும்..." என்று பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

என் தலைக்கு இந்த இரண்டுமே பொருந்தவில்லை. வேண்டுதலும் இல்லை, துக்கமும் இல்லை. முடி கொட்டிவிட்டது, மிச்சத்தை நானே எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? முதல் ஒரு மாதம் "திருத்தணி" என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த மாதமும் தலை அப்படியே இருந்ததும் கடைக்கார அக்கா, "என்னப்பா, முருகன் உன்ன விடவே மாட்டேங்கறாரா?" என்றார். அன்றோடு அந்தப் பொய்யை நிறுத்தினேன்.

சொட்டை என்பது நமக்கு நடப்பது. மொட்டை என்பது நாம் செய்துகொள்வது. சினிமாவிலும் இதே கணக்குதான். சொட்டைத்தலை என்றால் காமெடிக் காட்சியில் அடி வாங்குகிற ஆள். மொட்டைத்தலை என்றால் 2007இல் 'சிவாஜி' படத்தில் ரஜினி வந்து நின்ற 'மொட்டை பாஸ்'. நான் ஏழு வருடம் சொட்டையாக இருந்துவிட்டு, 31ஆவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை ஆனேன்.

24 வயதில் நெற்றியின் இரண்டு மூலைகளிலும் ஆரம்பித்தது. பிறகு உச்சியில் ஒரு வட்டம். டாக்டரிடம் போனபோது ஒரு படத்தைக் காட்டினார். ஆண் வழுக்கையை ஏழு நிலைகளாகப் பிரித்து வரைந்த படம். 1975இல் நார்வுட் என்கிற அமெரிக்க டாக்டர் திருத்தி அமைத்தது. "நீங்க அஞ்சுல இருக்கீங்க" என்றார், ஏதோ வகுப்பைச் சொல்வதுபோல. ஆண் ஹார்மோனில் இருந்து உண்டாகும் ஒரு பொருள் முடிவேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடுகிறது. பக்கவாட்டிலும் பின்னந்தலையிலும் உள்ள வேர்கள் மட்டும் அதற்கு அவ்வளவு சீக்கிரம் மசிவதில்லை. உலகத்தில் முக்கால்வாசி வழுக்கை கடைசியில் குதிரை லாடம் மாதிரி வந்து நிற்பது இதனால்தான். அப்பாவுக்கும் அதே லாடம்தான். அவர் அதைத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டு, எந்தக் கவலையும் இல்லாமல் நாற்பது வருடம் இருந்தார். எனக்கு அது முடியவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளில் போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

மொட்டை போடப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா கல்லு மாதிரி உக்காந்திருக்கும்போது என்னடா பேச்சு இது?"

எங்கள் பக்கத்தில் அப்பா தவறினால் மகன் தலைமுடியையும் மீசையையும் எடுக்க வேண்டும். காரணமில்லாமல் முன்னாலேயே எடுத்தால் அதை வரவழைப்பது போல. கோவிலுக்கு என்றால் பரவாயில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது ஒப்பந்தத்துக்கு வந்தாள். "தலைய என்னவோ பண்ணிக்க. மீசைய மட்டும் எடுக்காத. எடுத்தா இந்த வீட்டுப் படி ஏறாத." சரி என்றேன். மறுநாள் நான் மெஷின் தேடுவதைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து மெஷினா? கோவில்லதான் இப்ப மொட்டை ஃப்ரீயாச்சே" என்றாள். உண்மைதான். 2021 செப்டம்பரில்தான் அறநிலையத் துறைக் கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். அயனம்பாக்கத்திலிருந்து திருவேற்காடு கருமாரியம்மன் கோவில் வண்டியில் பத்து நிமிஷம். ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மனிடம் போய் நிற்க முடியாது.

முதலில் வாங்கியது மலிவான ஒன்று. முகத்துக்கானது. கன்னம் கைக்கு எட்டுகிற, கண்ணுக்குத் தெரிகிற சமதளம். தலை அப்படி இல்லை. ஒரு பக்கம் மேடு, காதுக்குப் பின்னால் பள்ளம், கண்ணாடியில் தெரியாத முதுகுப்பக்கம். அந்த மெஷின் முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. நாலே நாளில் பிடரி முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொரி.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 வருடம் டர்னர். லேத்திலேயே நின்று நின்று கால் நரம்பு சுருண்டு போனவர். மெஷினை வாங்கி, தலைப்பகுதியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளேடுல பர் அடிக்குது. கிரைண்டிங்கே பண்ணல. இத வச்சி தேங்கா கூட உரிக்க முடியாது." அதற்கப்புறம் போனில் நான் காட்டிய ஒவ்வொரு மாடலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். என் தலைமுடிப் பிரச்சினையில் அவர் அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது முடிப் பிரச்சினை. அவருக்கு அது மெஷின்.

மின் ஷேவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் மெல்லிய சல்லடைத் தகடு, அதற்கு அடியில் பிளேடு முன்னும் பின்னுமாக ஓடும். இன்னொன்றில் வட்ட வட்டமான தலைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பிளேடு சுற்றும். அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் 1930களின் தொடக்கத்திலேயே மின் ஷேவரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்தச் சுழலும் வகையை ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஹொரோவிட்ஸ் என்ற இன்ஜினியர் வடிவமைத்தார். அது 1939இல் கடைக்கு வந்தது. முகத்துக்கு எது நல்லது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தலைக்கு, என் அனுபவத்தில், சுழலும் வகைதான். தலையில் சுழி இருக்கிறதே. முடி ஒரே திசையில் படுத்திருந்தால் எதிர்த்திசையில் ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம். சுழியைச் சுற்றி அது எல்லாத் திசையிலும் ஓடுகிறது. சுற்றுகிற முடிக்குச் சுற்றுகிற பிளேடு.

கடைசியில் அப்பா கை காட்டிய மெஷினில் ஐந்து சின்ன வட்டத் தலைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடிக்கொடுக்கும். கைப்பிடி கிடையாது. சோப்புக் கட்டி மாதிரி உள்ளங்கையில் அடங்கிவிடும். மூவாயிரத்துச் சொச்சம். தலைக்கான மெஷினுக்கு இந்தப் பிடிதான் முக்கியம் என்பது பிறகுதான் புரிந்தது. நீளக் கைப்பிடி இருந்தால் பிடரிக்குக் கொண்டுபோகும்போது மணிக்கட்டு திருகிக்கொள்ளும். உள்ளங்கையில் இருந்தால், எண்ணெய் தேய்க்கும்போது கை தலையில் எப்படிப் போகுமோ அப்படியே போகும். கண்ணாடி தேவையில்லை. கை பார்த்துக்கொள்ளும்.

பழகுவதற்கு மூன்று வாரம் ஆனது. கற்றுக்கொண்டவை இவைதான். மூன்று நாளுக்கு மேல் வளரவிட்டால் ஷேவர் திணறும், முதலில் டிரிம்மர் ஓட்ட வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் வழவழப்பு கூடாது, எரிச்சல்தான் கூடும். சின்னச் சின்ன வட்டமாகப் போக வேண்டும். பிடரிக்கு வரும்போது தலையைக் குனிந்து, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். ரேசர் அளவுக்கு வழுவழுப்பு வராது, சாயங்காலமே லேசாகச் சொரசொரக்கும். ஆனால் தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம். ரேசர் கொஞ்சம் கீறினாலும் கொலை நடந்தது போல வழியும். காலையில் ஆபீஸ் கிளம்புகிறவனுக்கு இதுதான் நிம்மதி. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கழுவி அப்படியே வைத்தால் வட்டத் தலைகளில் வெள்ளை படியும், துடைத்துக் காயவைக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய காட்டன் துணி. வானகரம் ரோட்டு வெயிலுக்கு சன்ஸ்கிரீன், கட்டாயம்.

எல்லாம் முடித்துவிட்டு ஹாலுக்கு வந்தால் அப்பா கூப்பிடுவார். "இங்க வா, ஃபினிஷ் பாக்கலாம்." கட்டை விரலால் பின்னந்தலையைத் தடவுவார். லேத்தில் கடைந்த பீஸை அப்படித்தான் பார்ப்பாராம், கண்ணை விட விரல் நம்பகம் என்பார். பின்னந்தலையின் எலும்பு மேட்டுக்குக் கீழே, இடது பக்கம், ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இடம். அங்கே முடி தோலோடு படுத்துக் கிடக்கும், மெஷினுக்குச் சிக்காது. ஒவ்வொரு தடவையும் நான் விட்டுவிடுவேன், ஒவ்வொரு தடவையும் அவர் கண்டுபிடிப்பார். "ரிஜெக்ட். மறுபடி ஓட்டு." நான் குனிந்து நிற்பேன், அவரே வாங்கி அந்த இடத்தில் இரண்டு சுற்று ஓட்டிவிடுவார். மெஷின் தேயத் தேய பிளேடு தன்னையே தீட்டிக்கொள்கிற மாதிரி செய்திருக்கிறான் என்று, சத்தத்தைக் கேட்டபடியே சொல்வார். விவரம் தெரிந்த பிறகு அப்பா என் தலையில் கைவைத்தது இந்த மெஷின் வந்த பிறகுதான்.

2024 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஷேவ் செய்தேன். அன்றும் ரிஜெக்ட். வியாழன் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சுடுகாட்டில் கொள்ளிக்கு முன்னால் என்னை ஒரு கல்லில் உட்காரவைத்தார்கள். முடி எடுக்கிற அண்ணன் சொம்புத் தண்ணீரோடு வந்து என் தலையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பின்னால் பங்காளிகள் முணுமுணுத்தார்கள். "முன்னாடியே எடுத்துட்டானே." "அது ஸ்டைலுக்கு எடுக்கறதுப்பா." ஒரு பெரியவர், "கொஞ்சமாவது விட்டு வச்சிருக்கலாம்" என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. எல்லா மகன்களும் அன்றைக்குக் கொடுக்கிற ஒன்று என்னிடம் இல்லை. அதை முந்தின நாள் சாயங்காலமே வாஷ்பேசினில் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டிருந்தேன்.

அந்த அண்ணன்தான் காப்பாற்றினார். கல்லில் என் எதிரே குந்தி உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "மீசை இருக்குல்ல தம்பி. போதும்." முதலில் தலையை நனைத்து, ஒன்றுமில்லாத தலையில் புது பிளேடைப் போட்டு முன்னிருந்து பின்னாக முறைப்படி இழுத்தார். எதுவும் விழவில்லை. பிடரிக்குப் போனதும் கை ஒரு நொடி நின்றது. அந்த இடத்தில் மட்டும் சரக் என்று ஒரு சத்தம் கேட்டது. புதன்கிழமை அப்பா அதை முழுசாக ஓட்டவில்லை போலிருக்கிறது. அப்புறம் மீசை. 19 வயதிலிருந்து நான் எடுக்காத மீசை இரண்டு இழுப்பில் மடியில் விழுந்தது. அம்மா அன்று போட்ட நிபந்தனை எதற்கு என்று அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அவளுக்கும் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம். தெரியாதவர்கள் என் உதட்டைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்கள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர்கூட, "அப்பாவா தம்பி?" என்று கேட்டார். தெரிந்தவர்கள் பலருக்கு எதுவும் தெரியவில்லை. காரியம் முடிந்து ஆபீஸ் போனதும், வேறு டீமில் இருக்கும் ஒரு பையன், "ப்ரோ, புது லுக்கா? மீசை இல்லாம நல்லாருக்கு" என்றான். அவன் மேல் தப்பில்லை. நம்மூரில் மொட்டை என்பது ஒரு அறிவிப்பு. இவனிடம் கொஞ்ச நாளைக்கு மெல்லப் பேசுங்கள் என்று ஊருக்குச் சொல்கிற பலகை. முடி வளர வளர அந்தப் பலகையைத் தானாகவே கழற்றிவிடுவார்கள். நான் இரண்டு வருடமாகச் சும்மா மாட்டிவைத்திருந்தேன். தேவைப்பட்டபோது அதில் யாரும் எதையும் படிக்கவில்லை. முடியை வைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது வாழ்க்கையில் இரண்டு முறை. ஒன்று பெண் பார்க்கப் போனபோது. இன்னொன்று அந்த வாரம்.

ஆனாலும் மெஷினைத் தூக்கிப் போடவில்லை. பதினாறு நாள் தொடாமல் இருந்தேன். லாடம் மட்டும் வளர்ந்து, கண்ணாடியில் பார்த்தால் அப்பா மாதிரியே இருந்தது. பதினேழாம் நாள் முதலில் டிரிம்மர், பிறகு அந்த ஐந்து வட்டம். கட்டை விரலால் நானே பின்னால் தடவிப் பார்த்தேன். சரியாகத்தான் இருப்பதுபோல் பட்டது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். இன்னொரு முறை ஓட்டினேன்.

இப்போது மீசை பழையபடி வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஓரம் வெட்டிச் சரிசெய்யலாம் என்று டிரிம்மரை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். சத்தம் கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மீசையில கைய வைக்காத."

"வைக்கல மா" என்றேன்.

"அது எனக்கு" என்றாள். பிறகு, தோசை ஆறிக்கொண்டிருக்கிறது, வந்து சாப்பிடு என்றாள்.