பவுலையும் ஆராய்ந்து பார்த்தவர்கள்



அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில், தெசலோனிக்கேயில் எழுந்த கலகத்தினால் பவுலும் சீலாவும் இரவோடிரவாகப் பெரோயா பட்டணத்திற்கு அனுப்பப்படுகிறார்கள். பெரோயாவிலிருந்த யூதர்கள் செய்ததை லூக்கா ஒரே வசனத்தில் சொல்லி முடிக்கிறார். அவர்கள் பவுலின் உபதேசத்தை மனவிருப்பத்தோடு கேட்டார்கள். கேட்டபின், காரியம் அப்படித்தானா என்று நாள்தோறும் வேதவாக்கியங்களை எடுத்துப் பார்த்தார்கள். இதற்காக லூக்கா அவர்களைப் பாராட்டுகிறார். தம்மைச் சரிபார்த்தார்கள் என்று பவுல் மனம் நொந்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஆராய்தல் என்பதற்கு லூக்கா அங்கே எழுதும் கிரேக்கச் சொல் ‘அனக்ரினோ’. பிலாத்து இயேசுவை விசாரித்ததைச் சொல்லும்போதும் (லூக்கா 23:14) அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். நியாயாசனத்தின் முன் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்பதைக் குறிக்கும் சொல் அது. இன்னொன்றையும் கவனியுங்கள். அக்காலத்தில் வீட்டுக்கு வீடு வேதபுத்தகம் கிடையாது. கையால் எழுதிய தோற்சுருள்கள் ஜெப ஆலயத்தில் இருக்கும். ஆகவே நாள்தோறும் ஆராய வேண்டுமானால், பெரும்பாலோர் நாள்தோறும் அங்கே போய்க் கூடித்தான் வாசித்திருக்க வேண்டும். நம்மிடமோ ஆளுக்கு ஒரு வேதாகமம் இருக்கிறது. போதாததற்குக் கைபேசியிலும் இருக்கிறது.

இந்த வசனத்தை இவ்வாரம் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் அனுமதியோடு இதை எழுதுகிறேன்; பெயர் வேண்டாம். கடந்த சில மாதங்களாக அவர் ஒரே ஒரு போதகரின் செய்திகளைத்தான் கேட்டு வந்தார். காலையில் அடுப்படியில் அதே குரல், இரவு படுக்கப் போகும்போதும் அதே குரல். அந்தப் போதகர் ஏசாயா 53:5-ஐ எடுத்து, கிறிஸ்துவின் தழும்புகளை நம்புகிறவன் மாத்திரையை நம்பலாகாது என்று பலமுறை பேசியிருக்கிறார். சகோதரி பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்த சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. செருப்பு கடித்த சிறு புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போனது. மகளுக்குத் தெரிய வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவரைச் சந்திக்கப் போனபோது அந்தப் போதகரைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. வேதாகமத்தைத் திறந்து ஏசாயா 53-ஐ முழுவதும் வாசிக்கச் சொன்னேன். அந்த ஒரு வசனம் அவருக்கு மனப்பாடம். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்து வாசித்தார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் போதகர் ஆதாரமே இல்லாமல் பேசிவிட்டார் என்று சொல்ல முடியாது. மத்தேயு 8:17, அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தை எடுத்து, இயேசு பிணியாளிகளைச் சுகமாக்கியதோடு சேர்க்கிறது. பேதுருவோ தம் முதலாம் நிருபம் 2:24-இல் தழும்புகளைப் பற்றிய வார்த்தையை எடுத்து, பாவத்திற்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதோடு சேர்க்கிறார். அடுத்த வசனத்திலேயே வழிதப்பிய ஆடுகளைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தவர் கொஞ்சம் நின்று யோசிப்பார். ஒன்றை மட்டும் கேட்டவருக்கு யோசிக்க இடமே இல்லை.

இன்னும் மேலே போங்கள். பவுலைவிடச் சுகமளிக்கும் வரம் பெற்றவர் யார்? ஆனாலும் தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:23). அதற்கு அந்நாளில் மருந்தென்றே பேர். துரோப்பீமை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). எப்பாப்பிரோதீத்து சாகுந்தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தார் (பிலிப்பியர் 2:27). பவுலோடு கூடவே இருந்த லூக்கா, கொலோசெயர் 4:14-இன்படி ஒரு வைத்தியர். இந்த நான்கு வசனங்களையும் வாசித்தபின் சகோதரி கேட்ட கேள்வி: “ஐயா, இதெல்லாம் அவருக்குத் தெரியாதா?” தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மனிதர் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்குப் பிரியமான பத்து வசனங்களைத்தான். என் பிரசங்கங்களையும் எண்ணிப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

விசுவாசமும் மருந்துப் பெட்டியும் ஒன்றாகப் போனதை நம் ஊர் முன்பே கண்டிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெசி பிராண்ட் முதலில் ஊழியம் செய்தது இதே சேந்தமங்கலத்தில். 1913-இல் அவரும் ஈவ்லினும் மணமாகிக் கொல்லிமலைக்கு ஏறினார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இன்றைய சாலை அன்று இல்லை. ஜெபித்தார்கள், பிரசங்கித்தார்கள், பல் பிடுங்கினார்கள், நரம்புச்சிலந்தியை எடுத்தார்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். 1929-இல் ஜெசி ஐயர் அந்த மலையிலேயே காய்ச்சலில் மரித்தார். அவர் விசுவாசம் குறைந்தவர் என்று யார் சொல்லத் துணிவார்கள்? 1914-இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் குஷ்டரோகிகளின் கைகால்களுக்கு அறுவை செய்தார். உணர்வற்ற பாதத்தில் புண் ஏன் ஆறுவதில்லை என்று அவர் கண்டறிந்தவை பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காப்பதற்கும் உதவின. இதைச் சொன்னபோது சகோதரி தம் கட்டுப்போட்ட காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவறாகப் போதிக்கிறவரிடம் மட்டும் ஜாக்கிரதையாயிருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். மிக நல்ல போதகரைச் சுற்றியும் இது நடக்கும். திருநெல்வேலிச் சீமையின் இரேனியஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். தமிழை ஆழக் கற்று இலக்கணம் எழுதியவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் திருத்தி மொழிபெயர்த்தவர். ஊர் ஊராகச் சபைகளை எழுப்பியவர். ஆங்கிலிக்கன் சபையின் முறைகளைக் குறைகூறி எழுதியதால் 1835-இல் அவரை அனுப்பிய சங்கம் அவரை விலக்கியது. அவர் ஆற்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் அழைத்ததால் அதே ஆண்டில் திரும்பி வந்தார். சபைகள் இரண்டுபட்டன. இரு பக்கத்திலும் தேவனை நேசித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பலருக்கு வேதம் என்ன சொல்கிறது என்பதைவிட ஐயர் எந்தப் பக்கம் என்பதே கேள்வியாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. 1838-இல் ஐயர் மரித்தார். அதன்பின் பிரிந்தவை பழைய சங்கத்தோடு மீண்டும் சேர்ந்தன. அவருடைய கூட்டாளிகளில் ஒருவரான லெக்லர் ஐயர் பின்னர் நம் சேலத்திற்கே ஊழியராக வந்தார்.

இரேனியஸின் மொழிபெயர்ப்பும் நம் கையில் அப்படியே இல்லை. சீகன்பால்கு தொடங்கினார், சூல்ச் தொடர்ந்தார், பப்ரிசியுஸ் திருத்தினார், இரேனியஸ் மறுபடி செய்தார். கடைசியில் பவர் ஐயரின் தலைமையில் பலர் கூடி உட்கார்ந்து, 1871-இல் வெளிவந்த வேதாகமத்தைத்தான் நாம் வாசிக்கிறோம். ஒருவர் விட்டதை இன்னொருவர் பார்த்திருக்கிறார்.

ஆனால் போதகரே வேண்டாம், நானும் என் வேதமும் போதும் என்று கதவைச் சாத்திக்கொள்வதும் சரியல்ல. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் தனியே வாசித்தார். பிலிப்பு ஏறி உட்கார்ந்தபின்தான் விளங்கிற்று. அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், நாவன்மை உள்ளவர்; எபேசுவில் அவருடைய உபதேசத்தில் குறை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் கூடாரம் தைக்கும் ஒரு தம்பதியர். சபையின் நடுவில் அவரை நாணப்படுத்தாமல், தங்களிடம் சேர்த்துக்கொண்டு எடுத்துச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 18:26). பிரிஸ்கில்லாள் போன்ற ஒருவர் நம் சபையிலும் இருந்தால், ஆராதனை முடிந்தபின் போதகர் வீட்டுக் கதவைத் தட்டலாம், காபி கிடைக்கும்.

வருகிற வியாழன் மாலை கொலோசெயர் நிருபத்தைத் தொடங்குகிறோம். முதல் அதிகாரத்தை வீட்டில் இரண்டு முறை வாசித்து, விளங்காததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எவருடைய விளக்கத்தையும் கேட்டுவிட்டு வர வேண்டாம். முதலில் உங்கள் கேள்விகளை வாசிப்போம். என் குறிப்பேட்டைக் கடைசியில் திறக்கிறேன்.